தறிக்கு மேலே ஒரு மஞ்சள் புள்ளி

ஐயம்பேட்டையில் என் அக்கா வீடு எது என்று யாரிடமாவது கேட்காமல் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் தறிச் சத்தம்தான் வரும். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால், காயப்போட்ட பட்டு நூலில் அரக்கும் மயில் கழுத்தும் பாக்குக் கலரும் சொட்டிக்கொண்டிருக்கும். நான் போனபோது அக்காவின் மாமனார் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். கோர்வைச் சேலை. ஒருபக்கக் கரைக்கு நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும்; அன்றைக்கு அந்த ஆள் அக்கா.

திடீரென்று கரண்ட் போனது. தறிச் சத்தமும் நின்றது. ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

“மாமா, இந்த பல்பு எரியும்போது வெள்ளையா எரியுது. அணைஞ்சா உள்ளே மஞ்சளா இருக்கே, ஏன்?”

தறிக்கு மேலே தொங்கிய எல்இடி விளக்கின் மூடி எப்போதோ உடைந்துபோயிருந்தது. உள்ளே வட்டமாகச் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள். (மூடி உடைந்த விளக்கைக் கையால் தொடாதீர்கள், ஷாக் அடிக்கும். உங்கள் வீட்டுக் கைபேசியின் டார்ச்சை அணைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். அங்கேயும் அதே மஞ்சள் புள்ளி இருக்கும்.)

அந்தப் புள்ளிக்கு அடியில் இருக்கும் சில்லு உண்மையில் நீல ஒளியைத்தான் தருகிறது. அப்படி ஒரு நீல எல்இடி கண்டுபிடித்ததற்காக ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. சில்லின் மேல் பூசிய மஞ்சள் தூள், நீல ஒளியில் ஒரு பங்கை வாங்கி மஞ்சள் ஒளியாக மாற்றிவிடுகிறது. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன.

தாத்தா குழிக்குள்ளிருந்தே சிரித்தார். “நீலமும் மஞ்சளும் சேர்ந்தா பச்சைதான்யா வரும். ஐம்பது வருஷமா சாயம் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?”

அவர் சொல்வதும் சரி. சாயம் ஒளியைத் தின்னும். மஞ்சள் சாயம் நீலத்தைத் தின்றுவிடும், நீலச் சாயம் சிவப்பைத் தின்றுவிடும். இரண்டுக்கும் தப்பியது பச்சை. விளக்கிலிருந்து வெளியே வரும் நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று தின்பதில்லை. இந்த ஒளியோடு அந்த ஒளி கூடுகிறது, அவ்வளவுதான். சாயத் தொட்டியில் கழித்தல், விளக்கில் கூட்டல். தாத்தா முழுசாக ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

“சரி, அந்த மஞ்சள் தூள் என்ன?” என்றாள் அவள்.

அலுமினியம், ஆக்சிஜன், துளியூண்டு சீரியம். இவற்றோடு இட்ரியம் என்றொரு உலோகம். நான் சொல்ல வந்த கதை இந்த இட்ரியத்தைப் பற்றியதுதான்.

இட்ரியம் என்பது ஓர் ஊர்ப் பெயர். சுவீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் நகருக்குப் பக்கத்தில் ஒரு தீவு. அதில் இட்டெர்பி என்று ஒரு சின்ன ஊர், பீங்கான் செய்யத் தேவையான கல்லை வெட்டி எடுக்கும் சுரங்கம் ஒன்று. 1787இல் அர்ரேனியஸ் என்ற ராணுவ அதிகாரி அங்கே வழக்கத்துக்கு மாறாகக் கனமான கறுப்புக் கல் ஒன்றைப் பொறுக்கினார். பின்லாந்தைச் சேர்ந்த யோகான் காடலின் அதை ஆராய்ந்து, இதுவரை யாரும் அறியாத ஒரு பொருள் இதில் இருக்கிறது என்று 1794இல் சொன்னார். அதற்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. அதோடு விடவில்லை. இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் என்று நான்கு தனிமங்கள் அந்த ஒரே ஊரின் பெயரைப் பங்குபோட்டுக்கொண்டன. ஐயம்பேட்டையில் நெய்த சேலை காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரில் கடைக்குப் போகிறது. இட்டெர்பிக்காரர்களுக்கு அந்தக் குறை இல்லை.

இட்ரியத்தை அருமண் உலோகங்கள் என்ற 17 பேர் கொண்ட கூட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அருமண் என்றதும் ஏதோ கிடைக்கவே கிடைக்காத பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். தாத்தா கையில் இருக்கும் ஜரிகையில் வெள்ளி இருக்கிறதே, பூமியின் மேலோட்டில் அந்த வெள்ளியைவிட இட்ரியம் பல நூறு மடங்கு அதிகம். ஆனால் வெள்ளி மாதிரி ஓரிடத்தில் குவிந்து கிடக்காமல், தூவிவிட்டாற்போல் எங்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடக்கிறது. கூடப் பிறந்தவர்களோடு கட்டிப் பிடித்துக்கொண்டும் கிடக்கிறது. பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு.

இப்போது ஒரு தராசு வேண்டும். நெசவாளர் வீட்டில் அதற்குப் பஞ்சமா?

ஒரே கலர், ஒரே கரை, ஒரே பூ போட்ட இரண்டு சேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இரண்டு புரி முறுக்கிய நூல், மற்றதில் மூன்று புரி. தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தராசில் வைத்தால் முள் காட்டிக்கொடுத்துவிடும். அணுக்களிலும் இப்படி உண்டு. அணுவின் நடுவில் அணுக்கரு. அதற்குள் புரோட்டான், நியூட்ரான் என்று இரண்டு வகைத் துகள்கள். பெயர் வைப்பது புரோட்டான். 39 புரோட்டான் இருந்தால் அது இட்ரியம். 38 என்றால் ஸ்ட்ரான்சியம். 40 என்றால் சிர்க்கோனியம். இதில் பேரமே கிடையாது. நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் பெயர் மாறாது, எடை மட்டும் மாறும். இப்படிப் பெயர் ஒன்றாகவும் எடை வேறாகவும் உள்ள அணுக்களை ஐசோடோப்பு என்கிறோம். தனிம அட்டவணையில் ஒரே இடத்தில் உட்காருவதால், ‘ஒரே இடம்’ என்று பொருள்படும் இந்தக் கிரேக்கச் சொல்லை மார்கரெட் டாட் என்ற மருத்துவர் சொல்லிக்கொடுக்க, பிரடெரிக் சாடி என்ற வேதியியலாளர் 1913இல் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பழைய தமிழ்ப் புத்தகங்களில் ஓரிடத்தான் என்று எழுதியிருப்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மாதிரி இருக்கிறது.

வெள்ளீயத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் 10. இட்ரியத்துக்கு ஒன்றே ஒன்று: இட்ரியம்-89. 39 புரோட்டானும் 50 நியூட்ரானும் சேர்ந்து 89. தறிக்கு மேலே தொங்கும் அந்த மஞ்சள் புள்ளியில் உள்ள அத்தனை இட்ரியம் அணுக்களும் 89தான். அது எவ்வளவு காலம் போனாலும் அப்படியே இருக்கும். கதிர் எதையும் வீசாது. 50 என்ற எண்ணிக்கை அணுக்கருவுக்கு ரொம்பப் பிடித்தமானது. இப்படிப் பிடித்துப்போன எண்களுக்கு ‘மாய எண்’ என்றே பெயர். ஏன் அப்படி என்று விளக்கியவர்களில் ஒருவரான மரியா கோப்பெர்ட் மேயர் 1963இல் நோபல் பரிசு பெற்றார். இந்த 50ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இட்ரியம்-88, 90, 91 என்று மற்ற எடைகளிலும் இட்ரியம் உண்டு. ஆனால் அவை எதுவும் நிலைத்து நிற்பதில்லை. கதிரை வீசிவிட்டு வேறொரு தனிமமாக மாறிவிடும். அதனால் அவை கதிரியக்க ஐசோடோப்புகள்.

இட்ரியம்-89ஐ வேறொன்றாக மாற்றிப் பார்த்த இடம் நம் ஊருக்கு ரொம்பத் தூரமில்லை. வாலாஜாபாத்தை ஒட்டிப் பாலாறு போகிறது. தண்ணீர் ஓடும் வருஷமும் உண்டு, மணல் மட்டும் தெரியும் வருஷமும் உண்டு. அந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் செங்கல்பட்டைத் தாண்டி, வயலூர் அருகே கடல் வந்துவிடும். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே கல்பாக்கம். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும்வரை கல்பாக்கம் நம் காஞ்சிபுரம் மாவட்டம்தான்.

அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதற்குள் சோதனைக்காகக் கட்டிய ஓர் அதிவேக ஈனுலை 1985 அக்டோபர் 18 முதல் இயங்குகிறது. பெயரில் உள்ள வேகம் நியூட்ரானின் வேகம். அதே கல்பாக்கத்தில் மின்சாரம் தயாரிக்கும் சென்னை அணுமின் நிலையத்தில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கனநீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள். ஈனுலையில் அப்படிக் குறைப்பதில்லை. கோலி விளையாடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு கோலி தன் அளவுள்ள இன்னொரு கோலி மேல் மோதினால் வேகம் போய் நின்றுவிடும். அம்மிக்கல் மேல் மோதினால்? போன வேகத்திலேயே திரும்பி ஓடிவரும். தண்ணீரிலும் கனநீரிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் நியூட்ரானுக்குக் கோலி மாதிரி. ஈனுலையைக் குளிர்விப்பது உருகிய சோடியம். அதன் அணு நியூட்ரானைப்போல் 23 மடங்கு எடை. நியூட்ரானுக்கு அது அம்மிக்கல்.

இந்த வேகமான நியூட்ரான்களுக்கு நடுவே கல்பாக்கம் விஞ்ஞானிகள் இட்ரியம் ஆக்சைடு வில்லைகளை வைத்தார்கள்.

“வெடிக்குமா?” என்றாள்.

வெடிக்காது. ஒரு கணக்கு மட்டும் நடக்கும். நோட்டில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். நீங்களும் எழுதுங்கள். இட்ரியம்-89இல் புரோட்டான் 39, நியூட்ரான் 50. வேகமாக வந்த நியூட்ரான் ஒன்று உள்ளே புகுந்த வேகத்தில் ஒரு புரோட்டானை வெளியே தள்ளிவிடுகிறது. இப்போது புரோட்டான் 38, நியூட்ரான் 51.

“முப்பத்தெட்டுன்னா ஸ்ட்ரான்சியம்! மொத்தம் அதே எண்பத்தொன்பதுதான். ஸ்ட்ரான்சியம்-89!”

அதேதான். இந்த ஸ்ட்ரான்சியம்-89ஆல் என்ன பயன்? தனிம அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே இருப்பது ஸ்ட்ரான்சியம். குணமும் கால்சியத்தைப் போலவே. உடம்புக்குள் போனால் எலும்பை நோக்கித்தான் போகும். சிலருக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவிவிடும். அந்த வலி பொறுக்க முடியாதது. நோய் பிடித்த இடத்தில் எலும்பு அவசர அவசரமாகப் புதிதாக உருவாகிக்கொண்டிருப்பதால், ஊசி வழியே போட்ட ஸ்ட்ரான்சியம்-89 அங்கேதான் அதிகமாகச் சேரும். அங்கிருந்து அது வீசும் பீட்டாத் துகள்கள், அதாவது வேகமான எலக்ட்ரான்கள், சில மில்லிமீட்டர் தூரம் மட்டுமே பாய்ந்து வலியைத் தணிக்கும். நோய் இதனால் போய்விடாது. ஆனால் இரவில் தூங்க முடியாதவருக்குத் தூக்கம் வந்தால் அது சின்ன விஷயமா?

இதற்கு ஏன் இட்ரியத்தைத் தேடிப் போக வேண்டும் என்று கேட்கலாம். சாதாரண ஸ்ட்ரான்சியம்-88ஐ எடுத்து உலையில் வைத்து, அதற்கு ஒரு நியூட்ரான் ஊட்டினால் 89 கிடைத்துவிடாதா? கிடைக்கும். அப்படியும் செய்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். வைத்ததில் ரொம்பக் கொஞ்சம்தான் 89 ஆக மாறும். மிச்சமெல்லாம் 88 ஆகவே கிடக்கும். இரண்டையும் பிரிக்க வேண்டுமே.

தாத்தாவைக் கேட்டேன்: “இரண்டு புரி நூலையும் மூன்று புரி நூலையும் ஒண்ணாச் சாயத் தொட்டியில போட்டா, ஒண்ணு மட்டும் சிவக்குமா?”

“அதெப்படி? ரெண்டும் பட்டுதானே. தொட்டிக்கு எடை தெரியுமா?”

தொட்டிக்கு எடை தெரியாது. அமிலத்துக்கும் தெரியாது. வேதியியல் எல்லாம் அணுவின் வெளியே சுற்றும் எலக்ட்ரான்களோடு நடக்கும் பேச்சுவார்த்தை. எலக்ட்ரான் எத்தனை என்று முடிவுசெய்வது புரோட்டான். உள்ளே நியூட்ரான் ஒன்று கூடியிருப்பது வெளியே தெரிவதே இல்லை. அதனால் ஸ்ட்ரான்சியத்திலிருந்து ஸ்ட்ரான்சியத்தைச் சாதாரண வேதியியலால் பிரித்தெடுக்க முடியாது. இட்ரியத்திலிருந்து ஸ்ட்ரான்சியத்தைப் பிரிக்கலாம்! அவை வேறு வேறு தனிமங்கள். பட்டும் பருத்தியும் மாதிரி, ஒரே சாயத்தை இரண்டும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. கல்பாக்கத்தில் வில்லையை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, இட்ரியத்தை ஒதுக்கிவிட்டு, ஸ்ட்ரான்சியம்-89ஐ மட்டும் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். சுற்றுவழி போலத் தோன்றும் இந்த வழிக்கு வேகமான நியூட்ரான் வேண்டும். மெதுவாக வருகிற நியூட்ரானுக்குப் புரோட்டானைத் தள்ளிவிடும் சக்தி கிடையாது.

தூய்மை என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஸ்ட்ரான்சியம்-90 என்று இன்னொரு ஓரிடத்தான் இருக்கிறது. ஒரே ஒரு நியூட்ரான்தான் அதிகம். 89இல் பாதி அழிய சுமார் 50 நாள் போதும். 90இல் பாதி அழிய ஏறக்குறைய 29 ஆண்டுகள். அதுவும் எலும்பைத்தான் தேடிப் போகும். 89 ஒரு வாரம் தங்கிப் போகும் விருந்தாளி என்றால், 90 வீட்டையே எழுதிக் கேட்கிறவர்.

இப்போது நோட்டுக்குத் திரும்புவோம். ஸ்ட்ரான்சியம்-89இல் நியூட்ரான் 51. மாய எண்ணுக்கு ஒன்று அதிகம். அந்த அதிகப்படி நியூட்ரான் ஒரு பீட்டாத் துகளை வெளியே வீசிவிட்டுத் தானே புரோட்டானாக மாறிவிடுகிறது. புரோட்டான் 38இலிருந்து 39. நியூட்ரான் 51இலிருந்து 50.

அவள் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “மாமா, முப்பத்தொன்பது, ஐம்பது... இது பழைய இட்ரியமேதான்!”

ஆமாம். கல்பாக்கத்தில் இட்ரியமாக உலைக்குள் போனது, ஸ்ட்ரான்சியமாக வேடம் கட்டிக்கொண்டு ஒருவருடைய எலும்புவரை போய், வலியைத் தணித்துவிட்டு, மறுபடி இட்ரியம்-89 ஆகிவிடுகிறது. இந்தக் கரையிலிருந்து கிளம்பிய நாடா அந்தக் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பிய மாதிரி. கதிரும் இல்லை, ஒன்றும் இல்லை. பல்பில் இருப்பதற்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் கிடையாது.

இட்ரியம் நேராகவே மருந்தாகவும் போவதுண்டு. மெதுவான நியூட்ரான் ஒன்றை இட்ரியம்-89 விழுங்கிக்கொண்டால் இட்ரியம்-90. இங்கேயும் நியூட்ரான் 51 என்பதைக் கவனித்தீர்களா? இதுவும் பீட்டாவை வீசி 50க்கு வந்துவிடும்; சிர்க்கோனியம்-90 ஆகி அமைதியாகிவிடும். இதைக் கல்லீரல் புற்றுநோய்க்குப் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடியில் இட்ரியத்தைக் கலந்து, 20 முதல் 30 மைக்ரான் அளவில் மணிகள் செய்வார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டுப்புழு நூற்கிற ஒற்றை இழையே 10, 15 மைக்ரான் இருக்கும். ஆக, இரண்டு பட்டு இழையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம்தான் ஒரு மணி. பல லட்சம் மணிகளை ரத்தக் குழாய் வழியே கல்லீரலுக்கு அனுப்புவார்கள். கட்டிக்குள் இருக்கும் நுண்குழாய்கள் இதைவிடச் சின்னவை. மணிகள் அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளும். அங்கிருந்தே அவை வீசும் பீட்டாத் துகள்கள் கட்டியைத் தாக்கும். சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பாயாது. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இப்படிப்பட்ட மணிகளை உருவாக்கியிருக்கிறார்கள்.

இதில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் சிரிப்பு வருகிற ஒரு விஷயம் உண்டு. நம் ஊரில் நூலுக்குச் சாயம் ஏற்றிவிட்டுத்தான் பாவு ஓட்டுவோம். இந்த மணிகளில் எல்லாம் தலைகீழ். கதிரியக்கமே இல்லாத இட்ரியம்-89ஐ வைத்து மணியைச் செய்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகு உலையில் வைத்து 90 ஆக்குகிறார்கள். சேலையை நெய்து இறக்கிய பிறகு சாயம் போடுகிற மாதிரி! தாத்தா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் காரணத்தைக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். கண்ணாடியை உருக்குகிறவர், சலிக்கிறவர், அளக்கிறவர் யார் மேலும் கதிர் படாது.

இட்ரியம்-90 பாதியாகக் குறைய 64 மணி நேரம் ஆகும். இதற்கு அரை ஆயுட்காலம் என்று பெயர். இங்கேதான் பெரியவர்களே குழம்புவார்கள். 64 மணி நேரத்தில் பாதி போனால், அடுத்த 64 மணி நேரத்தில் மிச்சமும் போய்விடும்தானே? போகாது. மிச்சத்தில் பாதிதான் போகும்.

நம்பாதவர்கள் புளியங்கொட்டை எடுத்து வாருங்கள், 64 கொட்டைகள். தாயத்துக்குத் தேய்ப்பது போல ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பான தரையில் வெள்ளை தெரியத் தேயுங்கள். (தாத்தா பாட்டியைத் துணைக்குக் கூப்பிட்டால் சீக்கிரம் முடியும்.) எல்லாவற்றையும் ஒரே வீச்சாகத் தரையில் வீசி, வெள்ளை மேலே தெரிகிற கொட்டைகளை எடுத்துத் தள்ளிவையுங்கள். மிச்சத்தை மறுபடி வீசுங்கள். கிட்டத்தட்ட 64, 32, 16, 8 என்று குறைந்துகொண்டே வரும். நாணயம் மாதிரிக் கொட்டை சமமாக விழாது, அதனால் முன்னே பின்னேதான் இருக்கும். ஒரு வீச்சு என்பது இட்ரியம்-90க்கு 64 மணி நேரம். பத்து வீச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கணக்குப் போட்டால் 27 நாள்கூட ஆகாது.

விளையாடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அடுத்த வீச்சில் எத்தனை கொட்டை வெள்ளையாக விழும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். எந்தக் கொட்டை விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அணுவும் அப்படியே. எந்த அணு எந்த நொடியில் மாறும் என்பது கல்பாக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது.

நாங்கள் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வீசிப் பார்த்தோம். முதல் வீச்சில் 29 வெள்ளை. அவள் கறுப்பை எண்ணினாள். 34. இரண்டையும் கூட்டினால் 63தான் வருகிறது.

“ஒண்ணைக் காணோம் மாமா.”

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தாத்தா மிதியை அழுத்த, அக்கா நாடாவைத் தள்ள, தறி மறுபடி பேச ஆரம்பித்தது. காணாமல்போன கொட்டை உருண்டு தறிக்குழிக்குள் விழுந்திருக்கிறது. தாத்தா சாப்பிட எழுந்தால்தான் அது கறுப்பா வெள்ளையா என்று பார்க்க முடியும்.